கண்ணாத்தாள் தூக்கிய ஜீப் டாப்பு

கண்ணாத்தாளுக்கு ஜீப் ஓட்டத் தெரியும் என்பதை மல்லசமுத்திரத்துப் பக்கம் முதலில் யாரும் நம்பவில்லை. நம்பிய பிறகு அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவில்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்தால், டீக்கடையில் வாய்க்குப் போன டம்ளர் பாதியில் நின்றுவிடும். அவள் எதையும் கண்டுகொள்ளவில்லை. மரவள்ளிக் கிழங்கு மூட்டையை ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் இறக்க வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும், வரும் வழியில் மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்க வேண்டும். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு இருந்த நேரம் அவளுக்கு இல்லை.

அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவள் புருஷன் மருதாசலம். அவன் ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் கிளம்பினால் மத்தியப் பிரதேசம்தான். வடக்கே மழை பிடித்து வேலை நின்றால்தான் ஊர்முகம் பார்ப்பான். அப்படி வந்த ஒரு மழைக்காலத்தில் ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்து, மேய்ச்சல் காட்டில் வைத்து அவளைப் பழக்கினான். "நான் இல்லாதப்போ நீ யாரு கையையும் எதிர்பாக்கக் கூடாது புள்ள" என்று சொல்லிவிட்டு ரிக் ஏறிப் போனான்.

நல்ல எண்ணம்தான். ஆனால் போவதற்கு முன்னால் அவனே ஒரு வேண்டாத வேலையும் செய்து வைத்தான். ஜீப்பின் மேலிருந்த கித்தான் துணியை ஆடுகள் தின்று தீர்த்திருந்தன. அதற்குப் பதிலாகக் கழற்றி மாட்டும்படி ஒரு தகர டாப்பு செய்யச் சொல்லி, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வண்டியை விட்டான். அவர்களுக்குத் தெரிந்தது லாரி. பத்து டன் பாரம் ஏற்றுகிற வண்டிக்குக் கேபின் கட்டுகிற கையால் அந்தச் சின்ன ஜீப்புக்கும் கட்டினார்கள். உள்ளே தேக்குச் சட்டம், வெளியே கனத்த தகடு, மூலைக்கு மூலை இரும்புப் பட்டை. பார்க்கக் கல்யாண மாப்பிள்ளை போல இருந்தது. தூக்கத்தான் ஆள் வேண்டும்.

தூக்காமலும் முடியாது. மூட்டை ஏற்ற வேண்டுமானால் டாப்பு இறங்க வேண்டும். முகூர்த்த நாளில் பெண் வீட்டார் வாடகைக்குக் கேட்டால் டாப்பு ஏற வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஆறு ஆம்பிளைகள். தோட்டத்துக்குள் ஒதுங்கி நிற்கிற வீடு அது. கூப்பிட்ட குரலுக்கு ஆறு பேர் வந்து நிற்பதற்கு அது என்ன கடைவீதியா? ஆள் சேர்க்கிற பொறுப்பு, அதே தோட்டத்தில் அடுத்த வீட்டில் இருந்த மருதாசலத்தின் அண்ணன் அப்புசாமி தலையில் விழுந்தது.

அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் புருஷனின் அண்ணனை மச்சாண்டார் என்பார்கள். தம்பி பெண்டாட்டி மச்சாண்டாரோடு நேருக்கு நேர் பேசமாட்டாள். அவரும் அவள் முகம் பார்த்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். விரோதம் ஒன்றும் இல்லை, மரியாதை. நடுவில் ஓர் ஆள் வேண்டும். இங்கே அந்த ஆள் அப்புசாமியின் மனைவி சென்னியம்மாள். கண்ணாத்தாள் சொல்வதைப் புருஷனுக்குச் சொல்லி, புருஷன் சொல்வதைக் கண்ணாத்தாளுக்குச் சொல்லி, இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று தெரிந்தும் சலிக்காமல் மறுபடி சொல்வாள்.

"அக்கா, நாளைக்குக் கெழங்கு ஏத்தோணும். டாப்பக் கழட்டோணும்னு சொல்லுங்க."

"ஏனுங்க, நாளைக்கு டாப்பக் கழட்டோணுமாமா."

"போன வாரந்தானே மாட்டுனோம்? சரி, ஆளுக்குச் சொல்லறேன்னு அம்மிணிகிட்டச் சொல்லு."

"ஆளுக்குச் சொல்றாராமா அம்மிணி."

இப்படிக் கேட்டுக் கேட்டுக் கண்ணாத்தாளுக்கு வெட்கமாகப் போயிற்று. வந்த ஆட்களுக்குக் காப்பி வைப்பதில் அவளுக்கு வருத்தமில்லை. ஒவ்வொரு தடவையும் மச்சாண்டார் முகம் கறுப்பதுதான் தாங்கவில்லை. தன் வண்டி அவருக்குப் பாரமாகிவிட்டது என்றே நினைத்தாள். அதனால் ஆளே தேவைப்படாத ஒரு வழியை யோசித்தாள்.

கிணற்றில் தண்ணீர் இறைத்த பழைய கவலைச் சாமான் கொட்டகையில் சும்மா கிடந்தது. கிணற்றுக்கு மோட்டார் வருவதற்கு முன்னால் எருதுகள் சரிவில் இறங்கி நடந்து, கப்பி வழியாக வடத்தை இழுத்து, சால் என்கிற பெரிய தண்ணீர் வாளியை மேலே கொண்டுவரும். அந்தக் கப்பி இருக்கிறது, வடம் இருக்கிறது, கவலை இழுத்த எருதுகளும் இன்னும் திடமாக இருக்கின்றன. ஜீப் கொட்டகையின் பனை விட்டத்தில் கப்பியைக் கட்டி, டாப்பின் நான்கு மூலையிலும் கயிறு போட்டு, வடத்தை வெளியே நுகத்தடியில் பூட்டினால் தீர்ந்தது. செலவு ஒரு காசு இல்லை. யோசனையைக் கேட்ட அப்புசாமியும் தலையாட்டினார், சென்னியம்மாள் வழியாக.

எருதுகள் கிளம்பின. டாப்பு அலுங்காமல் எழுந்தது. கண்ணாத்தாளுக்கு அப்போது வந்த சந்தோஷத்தில் கைதட்டாத குறை. டாப்பு விட்டத்தில் 'டம்' என்று முட்டியது. எருதுகள் நின்றன. ஜீப்பை வெளியே தள்ள அப்புசாமி டாப்புக்கு அடியில் நுழைந்து, குனிந்து தோள் கொடுத்தார்.

கவலை இழுத்த எருதுக்கு ஒரு பழக்கம் உண்டு. சால் மேலே வந்து முட்டித் தண்ணீர் கொட்டியதும், யாரும் சொல்லாமலே பின்னோக்கி நடக்கும். அடுத்த சாலுக்குச் சரிவேற வேண்டுமல்லவா? மோட்டார் வந்து நாலைந்து வருஷமானாலும் அவை எதையும் மறக்கவில்லை. அந்த 'டம்' அவற்றுக்குப் போதும். இரண்டும் நிதானமாக, பொறுப்பாக, பின்னால் நடக்கத் தொடங்கின.

முதலில் பார்த்தவள் எருதுகளுக்குப் பக்கத்தில் நின்ற கண்ணாத்தாள். டாப்பு இறங்குகிறது, அடியில் மச்சாண்டார். வாயைத் திறந்தாள். என்ன வந்தது தெரியுமா?

"அக்கா! மச்சாண்டார நகரச் சொல்லுங்க!"

"ஏனுங்க," என்று ஆரம்பித்தாள் சென்னியம்மாள்.

அதற்குள் டாப்பின் பின்மூலை அப்புசாமியின் தோளை உரசிக்கொண்டு ஜீப்பின் மேல் சாய்ந்து விழுந்தது. ஒரு சாண் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் அந்த வீட்டில் ஒப்பாரிதான். தோள் வீங்கியதோடு போயிற்று. மறுபடி ஆள் கூப்பிட்டுத்தான் டாப்பை நிமிர்த்தி மாட்டினார்கள்.

அன்று சாயங்காலம் அப்புசாமி வாசலில் நின்று, உள்ளே கண்ணாத்தாளுக்குக் கேட்கும்படி பெண்டாட்டியிடம் சொன்னார். "அந்த வண்டி இனி இந்தத் தோட்டத்துல நிக்க வேண்டாம். சேந்தமங்கலத்துல வாழக்கா யாவாரி மணியன் ஜீப்பு வேணும்னு கேட்டுக்கிட்டிருக்கறான். வெள்ளிக்கெழமை வரச் சொல்லியாச்சு. அம்மிணிகிட்டச் சொல்லிப்போடு."

சென்னியம்மாள் உள்ளே வந்தாள். ஆனால் அந்தத் தடவை எதையும் மறுபடி சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

மருதாசலம் எந்தக் காட்டில் துளை போட்டுக்கொண்டிருக்கிறானோ, கேட்டுச் சொல்ல வழியில்லை. அவன் இல்லாதபோது அண்ணன் வைத்ததுதான் சட்டம். ஜீப் போனால் மறுபடி வெயிலில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், மூட்டைக்கு வண்டிக்காரன் மனசு வைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் யாரையாவது கேட்க வேண்டும். அதை நினைத்து அழுதாள். அதைவிட, ஒரு மனிதன் சாகக் கிடக்கும்போதும் "நகருங்க" என்று நேராகக் கத்த வராத தன் வாயை நினைத்து அழுதாள். எருது பழகினதைச் செய்தது. நாம் மட்டும் வேறென்ன செய்தோம் என்று கேட்டுக்கொண்டாள். அந்தக் கேள்வி அவளைச் சோறு தின்ன விடவில்லை.

மறுநாள் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பும்போது, ரோட்டோரம் ஒரு லாரி பஞ்சராகி நின்றது. வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி டயரை டிரைவர் இறக்கிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், வயது அறுபதுக்குக் குறையாது. ஒரு கையில் பீடி. இன்னொரு கையால் ஒரு இரும்புப் பிடியைச் சுற்றுகிறார். அத்தனை பெரிய டயர் சங்கிலியில் மெல்ல மெல்ல இறங்குகிறது. நடுவில் பிடியை விட்டுவிட்டுப் பீடிச் சாம்பலைத் தட்டினார். டயர் நின்ற இடத்திலேயே நின்றது.

கண்ணாத்தாள் ஜீப்பை ஓரம் கட்டினாள். "ஏனுங்கய்யா, கைய உட்டா அது கீழ வராதுங்களா?"

"வராதும்மா. உள்ள பல்சக்கரத்துல நாக்கு விழுந்து புடிச்சுக்கும். நானா எடுத்து உட்டாத்தான் எறங்கும்."

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. லாரிகள் பிறந்து லாரிகள் சாகிற ஊர்ப்பக்கம் அது. பிரித்துப் போட்ட லாரியில் ஸ்டெப்னியை ஏற்றி இறக்கிய அதே மாதிரி ராட்டினம் ஒன்று பழைய இரும்புக்கடையில் கேட்பாரற்றுக் கிடந்தது. துரு ஏறியிருந்ததால் கடைக்காரர் பேரம்கூடப் பேசவில்லை. திருச்செங்கோட்டு வெல்டர் செங்கோடன் அதற்குச் சங்கிலியை நீட்டிக் கொடுத்து, டாப்பு சாயாமல் இருக்க ஒரு இரும்புக் குறுக்குச் சட்டமும் பற்றவைத்துக் கொடுத்தான். "எதுக்குங்கக்கா?" என்று கேட்டான். "பந்தலுக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கொட்டகைக் கம்பத்தில் ராட்டினத்தைப் போல்ட் போட்டு இறுக்கினாள். ஒற்றைப் பனை விட்டத்தை நம்பாமல், பக்கத்தில் இன்னொன்றையும் சேர்த்துக் கட்டி, பழைய கப்பி வழியாகச் சங்கிலியை இறக்கினாள். டாப்பை உடனே அதில் மாட்டித் தூக்கிவிடவில்லை. எருதிடம் பட்டது போதும். டாப்பின் கனத்துக்கும் மேலாகப் பருத்திக்கொட்டை மூட்டைகளைக் கோத்துத் தொங்கவிட்டு, அதற்கு நேர் கீழே ஒரு மண்பானையை வைத்துவிட்டுக் களை எடுக்கப் போனாள். நாள் முழுக்க வேலை ஓடவில்லை. பானை உடையும் சத்தத்துக்கே காது காத்திருந்தது. பொழுது சாய வந்து பார்த்தாள். பானை முழுசாக இருந்தது. அந்தப் பானையைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் இருந்த கல் பாதி இறங்கியது.

வெள்ளிக்கிழமை மணியன் வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார், தட்டினார், பல்லைக் குத்திக்கொண்டே யோசித்தார். "வாழத்தாரு அடுக்கோணுமுங்க. டாப்பு இல்லாம எப்பிடி இருக்குதுன்னு கழட்டிக் காட்டுங்க."

அப்புசாமிக்குச் சங்கடமாயிற்று. சேர்ந்து தூக்குகிற ஆட்களெல்லாம் ஆட்டையாம்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அவர் தோளும் இன்னும் நேராகவில்லை. "ஆளு இல்லீங்களே," என்று இழுத்தார்.

கண்ணாத்தாள் ஜீப்பில் ஏறினாள். கொட்டகைக்குள் ஓட்டிப்போய் நிறுத்தி, டாப்பின் போல்ட்டுகளைக் கழற்றினாள். சட்டத்தின் கொக்கிகளை நான்கு மூலையிலும் மாட்டினாள். ராட்டினத்தின் பிடியைச் சுற்றினாள். 'டக் டக்' என்று நாக்கு விழ விழ, அந்த ஆறு ஆள் பாரம் முன்கண்ணாடியைத் தாண்டி மேலே போயிற்று. பிடியை விட்டுவிட்டுக் கைகளை முந்தானையில் துடைத்தாள். டாப்பு நின்றது.

மணியன் பல் குத்துவதை மறந்தார். சென்னியம்மாள் "ஆத்தா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புசாமி மட்டும் நகரவில்லை. தொங்குகிற தகரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். கை தானாகத் தோளைத் தடவிக்கொண்டது. பிறகு கண்ணாத்தாளைப் பார்த்தார்.

"அம்மிணி, இது தானா எறங்கிராதே?"

"எறங்காதுங்க. பகலெல்லாம் மூட்டை கட்டித் தொங்கவுட்டுப் பாத்துட்டேனுங்க."

"நெசமா?"

"நெசமாத்தானுங்க மாமா. சந்தேகமா இருந்தா நீங்க போவாதீங்க, நானே தள்ளறேன்."

அவர் கேட்கவில்லை. டாப்புக்கு நேர் அடியில் போய் நின்று, நல்ல தோளைக் கொடுத்து ஜீப்பைத் தள்ளினார். வண்டி வெயிலுக்கு வந்தது. மேலே தகரம் அசையவில்லை. அவர் வெளியே வந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"தம்பி ஊர்ல இல்ல," என்றார், இன்னும் அவளைப் பார்த்தபடியே. "ஒவ்வொரு தடவயும் அதத் தூக்கறப்போ, யாருக்காச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா அவனுக்கு என்ன பதிலு சொல்லறதுன்னே எனக்கு உசுரு போவும். வண்டி மேல எனக்கு என்ன அம்மிணி வர்மம்?"

கண்ணாத்தாளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. இத்தனை நாள் அவர் முகம் கறுத்தது பயத்தாலா! அது தெரியாமல் எத்தனை காப்பியைக் கூனிக் குறுகிக்கொண்டு ஆற்றியிருக்கிறாள். அழுதுகொண்டே சிரித்தாள். ஒரு வருஷமாகப் பிடித்துவைத்த மூச்சை அப்போதுதான் விட்டாள்.

மணியன் தொண்டையைக் கனைத்தார். "அப்ப, அந்த ராட்டினத்தயும் சேத்தே குடுத்துருங்க. ரெண்டையும் எடுத்துக்கறேன்."

"கோவிச்சுக்காதீங்க மணியன்," என்றார் அப்புசாமி. "ரெண்டுமே குடுக்கறதுக்கில்லீங்க. வந்ததுக்கு ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க. அம்மிணி, காப்பி வெய்யி சாமி."

"இதா வெக்கறேனுங்க."

கண்ணாத்தாள் அடுப்படிக்கு ஓடினாள். அப்புசாமி ராட்டினத்தின் பிடியைச் சுற்றிப் பார்க்கப் போனார். இரண்டு பேரும் என்ன செய்தோம் என்று இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. நடுவில் நின்ற சென்னியம்மாள்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. ரொம்ப வருஷம் தலையில் சுமந்த கூடையை யாரோ இறக்கிவைத்தது போல இருந்தது அவளுக்கு. ஜீப்பின் படியில் காலை நீட்டி உட்கார்ந்து, "அப்பாடா!" என்றாள்.