நாற்பத்து நாலு திரைச்சீலை

என் கொழுந்தனை வீட்டில் எல்லாரும் ஊசி என்றுதான் சொல்வோம். ஆள் ஒல்லி, தொழிலும் தையல். நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவருக்குப் பதினாலு வயது. அப்போதே கால் எட்டாமல் எட்டி மெஷின் மிதித்துக்கொண்டிருந்தார். சட்டை, பாவாடை, பள்ளிக்கூடச் சீருடை, தலையணை உறை, எது வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்வார். முடியாது என்று சொல்ல வராது. அதுதான் அவருக்கு இருந்த ஒரே வியாதி.

பெரிய ஹோட்டலின் விருந்து மண்டபத்துக்குத் திரைச்சீலை தைக்கும் வேலை அவருக்கு அப்படித்தான் வந்தது. இருபத்திரண்டு ஜன்னல், ஜன்னலுக்கு இரண்டு. ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம். உள்பக்கம் மாதுளை நிறத்தில் கனத்த துணி. வெயில் பட்டு நிறம் போகாமல் இருக்க வெளிப்பக்கம் வெள்ளை லைனிங். நீளத் தையலை ஊசி மெஷினில் ஓட்டிவிடுவார். அடி மடிப்பை மட்டும் கையால் தைக்க வேண்டும், நூல் தெரியக் கூடாது. அதை என் ஓரகத்தி தைத்தாள். ஊசியின் பெண்டாட்டி.

நாலு மாதம். அவர்கள் இருந்தது ஒன்றரை அறை. கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டுத் துணியை விரித்திருந்தார்கள். துணியில் வாடை ஏறிவிடும் என்று இரண்டு குடும்பத்துக்கும் என் அடுப்பில்தான் உலை. சோறு கொண்டுபோனால் ஓரகத்தியைத் துணிக்குள் தேட வேண்டியிருக்கும். "கழுத்துக்குக் கீழ உடம்புன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சுக்கா" என்பாள். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய், மகளுக்குத் தலை பின்ன உட்கார்ந்தால், "அம்மா கை குத்துது" என்று குழந்தை என்னிடம் ஓடி வரும்.

எல்லாம் தைத்துக் கொடுத்து ஒரு வாரம் ஆகவில்லை, மாடி அறைகளுக்கும் வேண்டும் என்று மேனேஜர் கேட்டுவிட்டார். அறுபது அறை. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். ஓரகத்தி கை வைக்காமல் அது நடக்காது. அவளோ சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"அண்ணி, அவ அதையெல்லாம் மடியில சுருட்டி வெச்சுதான் பாத்திருக்கா" என்றார் ஊசி என்னிடம். "தொங்கவிட்டு ஒரு தடவ பாத்தான்னா அலுப்பெல்லாம் பறந்துடும். தன்னால சரின்னுடுவா, பாருங்க."

அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம். ஞாயிறுகளில் ஹோட்டல் தோட்டத்துக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம். என் வீட்டுக்காரருக்கு லாரி ஓட்டம் இருந்தது. ஊசி, ஓரகத்தி, ஏழு வயது மகள், நான், கூட ஓரகத்தியின் அண்ணன். அவர் பஸ் கண்டக்டர். இரண்டு பஸ் மாறி, இரண்டிலும் நின்றுகொண்டே போனோம்.

"வாரத்துல ஆறு நாள் நிக்கறேன். ஏழாவது நாளும் என்னை நிக்க வெச்ச ஒரே ஆளு நீதான் மாப்ளே" என்றார் கண்டக்டர்.

"போய்ப் பாருங்க மச்சான், அப்புறம் பேசுங்க."

தோட்டம் பெரிசுதான். நீரூற்று, வெட்டிவிட்ட செடிகள், புல்லில் உட்காராதே என்று பத்தடிக்கு ஒரு பலகை. ஓரகத்தி எதையும் பார்க்கவில்லை. நிழலில் ஒரு பெஞ்சு கண்ணில் பட்டதும் போய் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டாள்.

ஊசி நேராக வாசலுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். வாட்ச்மேன் நல்ல மனுஷன்தான். ஆனாலும் விடவில்லை.

"தோட்டம் மட்டும்தாங்க எல்லாருக்கும். உள்ள தங்கறவங்க மட்டும்."

"அந்த மண்டபத்துத் திரையெல்லாம் நான் தச்சதுங்க. வீட்ல காட்டணும். ஒரே நிமிஷம்."

"அண்ணே, போன வாரம் தரைக்கல்லு போட்டவர் மாமியாரோட வந்தாரு. அதுக்கு முந்தின வாரம் பெயின்ட் அடிச்சவர். இந்தக் கட்டடத்த ஒருத்தரா கட்டினாங்க? எல்லாரையும் விட்டா நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

திரும்பி வந்து தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தோம். இருபத்திரண்டு ஜன்னலும் வரிசையாகத் தெரிந்தன. அத்தனையிலும் வெள்ளை. லைனிங் வெளியேதான் இருக்கும் என்று தைத்த மனுஷனுக்குத் தெரியாதா? உள்ளே விட்டுவிடுவார்கள் என்ற நினைப்பில் அது புத்தியில் வரவே இல்லை.

கண்டக்டர் கண்ணுக்குக் கை வைத்து ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். "மாப்ளே, நாலு மாசமா என் தங்கச்சிய உக்கார வெச்சு வேட்டியா தச்ச?"

நான் சிரித்துவிட்டேன். ஊசி சிரிக்கவில்லை. "அந்தப் பக்கம் மாதுளை நிறம் மச்சான்" என்றார் மெல்ல.

"இருக்கட்டும். எங்க டிப்போ கேன்டீன்ல ஆள் கேக்கறாங்க. நின்னு பார்க்கற வேலைதான், ஆனா அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்துடலாம். தங்கச்சி, நீ என்ன சொல்ற?"

ஓரகத்தி பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். டப்பாவைத் திறந்து சாப்பிட்டோம். ஊசி இரண்டு வாயோடு நிறுத்திவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் குழந்தைக்கு அவசரம். தோட்டத்துக் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. ஓரகத்தி அவளை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். குழந்தை குதித்த குதியைப் பார்த்து வாட்ச்மேன் ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்துவிட்டார்.

போனவர்கள் வரவில்லை. கால் மணி நேரம் இருக்கும். "வழி தவறிட்டாளா?" என்று கண்டக்டர் எழுந்தார்.

அப்போது மூன்றாவது ஜன்னலின் அடியில் ஒரு திரை அசைந்தது. ஓரம் மெல்ல மடங்கியது. வெள்ளைக்கு நடுவே கையளவு மாதுளை நிறம் தெரிந்து மறைந்தது. கொஞ்சம் பொறுத்து நாலாவது ஜன்னல். பிறகு ஐந்தாவது.

"அவதான்" என்றார் ஊசி. "திரையப் பாக்கறவங்க மேல பாப்பாங்க. வேற யாரு குனிஞ்சு அடி மடிப்பத் திருப்பிப் பாப்பாங்க?" முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஒன்பதாவது ஜன்னல் வரை எண்ணினோம். அதற்கு மேல் அசையவில்லை.

ஓரகத்தி மகளோடு வந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"உள்ள யாருமில்ல. நின்னு பாத்தேன்" என்றாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க. நம்ம வீட்ல அவ்வளவு பெரிசா தெரியல. அந்தச் சுவர் முழுக்க அதுதான். நான் தச்சதான்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சு."

"நான் சொல்லல?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார் ஊசி. "அப்போ மாடிக்கும்…"

"வேண்டாங்க."

அவர் விழித்தார்.

"இத்தனை நாள் மாட்டேன்னு சொல்ல வாய் வரல. என்ன தச்சோம்னே தெரியாம எப்படி விடறதுன்னு இருந்துச்சு. இப்பப் பாத்துட்டேன். என்னால முடியல. எனக்குப் போதும்."

கோபமாகச் சொல்லவில்லை. வலிக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். கண்டக்டர் கேன்டீன் பேச்சை எடுக்கப்போனார். நான் முழங்கையால் இடித்தேன்.

ஊசி அவள் கையை எடுத்து விரல் நுனியைத் தடவிப் பார்த்தார். கட்டின நாள் முதல் நாலு பேர் முன்னால் அவளைத் தொட்டு நான் பார்த்ததில்லை. "சரி" என்றார்.

திங்கட்கிழமை காலையில் போய் மேனேஜரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த வார்த்தையை எப்படிச் சொன்னார் என்று கேட்டதற்கு, "மூணு தடவ சொன்னேன் அண்ணி, மூணாவது தடவதான் சத்தமே வந்துச்சு" என்றார்.

வீட்டுக்குப் போய்ச் சுவரில் நின்ற கட்டிலை இறக்கிப் போட்டிருக்கிறார்கள். மத்தியானம் நான் சோறு கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் இரண்டு பேரும் அடித்துப் போட்டது போலத் தூங்குகிறார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.