ஆட்டம் முடியட்டும்

போன வியாழக்கிழமை சாயங்காலம் நம் புதுச்சேரிக் கடற்கரையில் ஒருவரைக் கைது செய்தார்கள். நான் பாதிக் கண் மூடி உட்கார்ந்திருந்தேன்... காற்று அப்படி. முதலில் கனவு என்றே நினைத்தேன்.

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. பிரெஞ்சுக்காரர் காலத்துப் போலீஸில் பிரிகாதியே. ஏட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வைத்திக்குப்பத்து மீனவர் ஒருவரை ஸ்டேஷனில் வைத்து அடித்து, வலது கையை முறித்தவர். கொடி மாறியது. கேஸ் நடந்தது. வேலை போனது. ஓராண்டு ஜெயில் என்று தீர்ப்பும் வந்தது. அப்பீல் போனார், தோற்றார். அப்புறம்? அப்புறம் தினமும் கடற்கரையில் பெத்தாங் ஆடினார்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மரத்தாலான குட்டிக் குண்டு ஒன்றைத் தூர வீசிவிட்டு, இரும்புக் குண்டுகளை அதை ஒட்டிப் போய் நிற்கும்படி எறிய வேண்டும். அவ்வளவுதான் பெத்தாங். ஆனால் பார்க்க உட்கார்ந்தால் வீடு வாசல் மறந்துபோகும். கடல் ஒரு பக்கம் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் 'டக்... டக்' என்று குண்டுகள்.

அவரைப் பிடித்துப் போக இரண்டு போலீஸ்காரர்கள் வருவார்கள். இருவரும் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். பார்த்ததும் கை தானாக சல்யூட்டுக்குப் போகும்.

"ஏம்பா, நின்னுகிட்டே இருக்கீங்க?" என்று ஒருவரிடம் கேட்டேன்.

"ஆட்டம் முடியட்டும் சார். நடுவுல கூப்ட்டா மரியாதையா இருக்காது."

ஆட்டம் முடிவதற்குள் இருட்டிவிடும். இருட்டிவிட்டால் வீடு புகுந்து யாரையும் பிடிக்கக் கூடாது என்பது பிரெஞ்சுச் சட்டம். இங்கே அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அவர் குண்டுகளைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடப்பார். வழியிலேயே பிடிக்கலாமே? பழைய மேலதிகாரியை நடுத்தெருவில் எப்படி... என்று இவர்கள் பின்னாலேயே போய், வாசல்வரை விட்டுவிட்டு வருவார்கள்.

கை முறிந்த மீனவரின் மனைவி அங்கம்மாவும் தினமும் வருவார். மீன் விற்ற கூடையோடு சற்றுத் தள்ளி உட்கார்ந்திருப்பார்.

"எங்க வூட்டுக்காரரு தெனம் கேக்குறாரு சார், போயிட்டானா, போயிட்டானான்னு. நாளைக்குன்னு சொல்லிச் சொல்லி எனக்கே வெக்கமா இருக்கு" என்றார் ஒருநாள். நான் கடலைப் பார்த்தேன்.

அந்த வியாழக்கிழமை, வெயில் இன்னும் கூரைகளுக்குப் பின்னால் மஞ்சளாகத் தங்கியிருந்தது. யார் குண்டு கிட்டே என்று தகராறு. கைது செய்ய வந்த போலீஸ்காரரே மண்டி போட்டுக் கயிற்றால் அளந்துகொண்டிருந்தார்!

அங்கம்மா எழுந்தார். நேராக ஆட்டத்துக்கு நடுவே நடந்தார். குட்டிக் குண்டை எடுத்துத் தன் கூடையில் போட்டுக்கொண்டார்.

"ஆட்டம் முடிஞ்சிடுச்சி. வெளிச்சம் இருக்குது. இட்டுக்கினு போங்க."

குட்டிக் குண்டே இல்லாதபோது எதை வைத்து அளப்பது? பிரிகாதியே வானத்தைப் பார்த்தார், போலீஸ்காரர்களைப் பார்த்தார். அன்றைக்கு யார் கையும் சல்யூட்டுக்கு எழவில்லை. அவர் முன்னால் நடக்க, குண்டுப் பையை மட்டும் ஒரு போலீஸ்காரர் சுமந்துகொண்டு போனார். பழக்கதோஷம்.

மறுநாள் அங்கம்மாவைப் பார்த்தேன்.

"அந்தக் குண்டு என்ன ஆச்சு?"

"எங்க வூட்டுக்காரரு கையில குடுத்தேன் சார். போயிட்டான்யான்னு சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"புடிக்கப் பாத்தாரு. வெரலு மடங்கல... கீழ வுழுந்துடுச்சி."

பிரிகாதியே ஓராண்டில் ஆட வந்துவிடுவார்.