கரப்பானை நடத்திச் சென்ற பச்சைக் குளவி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகி மயிலாப்பூரில் புகுந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் சமையலறையில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தேன். மரகதப் பச்சையில் மினுங்கும் ஒரு குளவி பறந்து வந்து, கரப்பான் ஒன்றின் மேல் பாய்ந்து கொட்டியது. அதன் பின்தொடைகள் மட்டும் செக்கச் செவேலென்று இருந்தன.

கரப்பான் சாகவில்லை, ஓடவும் இல்லை. குளவி அதன் மீசையைக் கவ்வி இழுக்க, கயிற்றைப் பிடித்து நடத்தும் மாடு போலப் பின்னாலேயே போனது. சுவரடியில் ஒரு ஓட்டை. இரண்டும் உள்ளே போயின. பிறகு குளவி மட்டும் வெளியே வந்து, மண்ணும் குப்பையும் பொறுக்கி ஓட்டையை அடைத்துவிட்டுப் பறந்தது.

மாமியாரிடம் ஓடிச் சொன்னேன். "பூச்சியைப் பூச்சி கூட்டிண்டு போச்சா? நன்னா இருக்கு" என்றவர், சாயங்காலம் என் கணவரிடம், "இவளுக்கு ஏதோ சித்தம் சரியில்லை. அவ அப்பாவுக்கு எழுது, வந்து அழைச்சிண்டு போகட்டும்" என்றார். அப்படித் திரும்பிப் போன பெண்ணை ஊர் என்ன சொல்லும்? கணவர், "கொஞ்ச நாள் பார்க்கலாம்மா" என்று தள்ளிப்போட்டார்.

ஆனாலும் தினமும் அந்த ஓட்டையைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் அதைப் பூசப் போனார். வேண்டாமென்று தடுத்தேன்.

"இன்னாம்மா, இத்த மட்டும் வுட்டா நல்லாவா கீது?"

"உள்ளே ஒரு உயிர் இருக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் விட்டுவிட்டார்.

ஆறு வாரம் ஆகியிருக்கும். காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார், "இங்கே வா" என்று மெல்லக் கூப்பிட்டார். அடைப்பு உதிர்ந்து, பச்சைத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. புதுக் குளவி வெளியே வந்து, சிறகை நீவிவிட்டுப் பறந்து போயிற்று.

கொண்டை ஊசியால் உள்ளே துழாவினேன். கரப்பானின் வெறும் கூடுதான் வந்தது. அதற்குள் பழுப்பாக ஒரு கிழிந்த உறை. தாய்க் குளவி கரப்பானின் மேல் முட்டையிட்டிருக்கிறது. முட்டையிலிருந்து வந்த புழு கரப்பானையே தின்று, அதற்குள்ளேயே கூடு கட்டி வளர்ந்திருக்கிறது.

மாமியார் அந்தக் கூட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நீ சரியாத்தான் சொன்னே. நான்தான் வந்து பார்க்கலை" என்றார். அப்பாவுக்குக் கடிதம் எழுதும் பேச்சு அதோடு நின்றது.

இன்றும் யாராவது நம்ப முடியாத ஒன்றைச் சொன்னால், மறுத்துப் பேசுமுன் எழுந்து போய் ஒரு முறை பார்த்துவிடுகிறேன். பார்க்க வராத ஒருவரால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே திசை மாறியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.