என்ன நிறம்?

“ஐயா, ஒண்ணுக்குப் போனீங்களா? என்ன நிறம்?”

கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போதுதான் இதைக் கேட்பார் அந்த நர்ஸ், அதுவும் கணீரென்று. கோட்டு போட்ட பெரிய மனிதர் என்னைப் பார்த்து நெளிந்தார். “வெட்கத்தை எல்லாம் வீட்ல வச்சுக்கோங்க” என்று நர்ஸ் அவர் கையில் ஒரு சீசாவைத் திணித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அன்று விடியற்காலையில்தான் பூமி குலுங்கியிருந்தது. மாடி வார்டுகளில் சுவர் வெடித்துவிட்டதால் எல்லோரும் கீழே, சீட்டு எழுதும் கூடத்தில் கிடந்தோம். எனக்கு மணிக்கட்டில் முறிவு, கையில் பச்சை நாடா. அவசரமில்லை, காத்திருக்கலாம் என்று அர்த்தம். சிவப்பு நாடாக்காரர்களைச் சுற்றி டாக்டர்கள் நின்றார்கள். பச்சைகளைச் சீந்த ஆளில்லை, இந்த நர்ஸைத் தவிர. ஐம்பது வயது, குள்ள உருவம், இடுப்பில் கத்தரிக்கோல், பையில் நான்கு பேனா, ஒன்றும் எழுதாது. கூட வேலை செய்கிறவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘சீசா அக்கா’. அவருக்கும் அது தெரியும்.

ஜன்னல் கம்பிகளில் தொங்கிய குளுக்கோஸ் பாட்டில்கள் திடீரென்று ஆடும். மறுபடியும் பூமி! மூச்சைப் பிடித்துக்கொள்வோம். “ஆடட்டும். நீங்க தண்ணியைக் குடிங்க” என்பார். அந்த நேரத்தில் அந்தக் குரல் எனக்கு வேண்டியிருந்தது.

எதற்கு இந்த விசாரணை என்று கேட்டுவிட்டேன்.

“மணிக்கணக்கா கால் மாட்டிக்கிச்சுன்னா உள்ள சதை நசுங்கிடும் சார். வெளியில ஒரு கீறல் இருக்காது, சிரிச்சுப் பேசுவாங்க. அந்த நஞ்சு ரத்தத்துல கலந்து கிட்னியை அடைச்சு, இதயத்தையே நிறுத்திடும். பாலில்லாத டீ மாதிரி போச்சுன்னா ஆபத்து. ஆளு பொய் சொல்லுவான், சீசா சொல்லாது.”

பிற்பகலில் அவருடைய சொந்தத் தம்பி நொண்டிக்கொண்டே நடந்து வந்தார். ரொட்டிக் கடைக்காரர், தலையெல்லாம் மாவு. சரிந்த மூட்டைகளுக்கு அடியில் ஆறு மணி நேரம் இரண்டு தொடைகளும் மாட்டியிருந்தன. நடக்கிறாரே என்று வாசலில் பச்சை கட்டி அனுப்பியிருந்தார்கள்.

“இத்தனை வருஷம் நான் சுமந்த மூட்டைதான்க்கா. இன்னிக்கு என் மேல உக்காந்து இளைப்பாறிச்சு, அவ்வளவுதான்.”

அக்கா சிரிக்கவில்லை. சீசாவை நீட்டினார்.

“உன்கிட்டயா? போக்கா.”

“கழிப்பறை அங்க இருக்கு. போடா.”

போய் வந்து கொடுத்தார். வழக்கம்போல ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் அக்கா. கண்ணாடி மாதிரித் தெளிவு. மற்றவர்களுடையதென்றால் ஒரு பார்வையோடு கீழே வைத்துவிடுவார். இதைக் குலுக்கினார். பிறகு புறங்கையில் ஒட்டிப் பார்த்தார்.

“சில்லுன்னு இருக்கு. குழாய்த் தண்ணிடா இது.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். “கறுப்பா வந்துச்சுக்கா. சொன்னா படுக்க வச்சிடுவே. அவளும் பாப்பாவும் மைதானத்துல தனியா இருக்காங்க.”

அக்கா பச்சை நாடாவை வெட்டி எறிந்தார். சிவப்பைக் கட்டும்போது முடிச்சு இரண்டு தடவை நழுவியது. என் நல்ல கையால் ஒரு நுனியைப் பிடித்துக்கொடுத்தேன். “டாக்டர்!” என்று அவர் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பியது. அதற்குள் தம்பியின் நாடி தாறுமாறாக ஓடத் தொடங்கியிருந்தது.

ஒன்பதாம் நாள் மாவுக்கட்டைக் காட்டப் போனேன். தம்பியை ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் வைத்து உயிரைப் பிடித்திருந்தார்கள். அந்த முதல் நாளுக்குப் பிறகு சிறுநீர் ஒரு சொட்டுகூடப் போகவில்லையாம். தம்பி மனைவியும் குழந்தையும் அக்கா வீட்டில். அக்கா மட்டும் இங்கே, அதே கேள்வியுடன், கட்டில் கட்டிலாக. தம்பியின் கட்டிலருகில் மட்டும் கேட்காமல், காலி சீசாவை வைத்துவிட்டு நகர்ந்தார்.

தம்பியின் கட்டிலை மறைத்த திரைக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. “அக்கா... இங்க வாயேன்.”

அவர் உள்ளே போய்ச் சீசாவோடு வெளியே வந்தார். அடியில் ஒரு விரற்கடை அளவு, வெளிர் மஞ்சள். அளந்து எழுத, பக்கத்தில் நின்ற டாக்டர் கை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. சீசாவைப் புறங்கையில் ஒட்டி, சூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.