மாமா போட்ட நாலு கணக்கு

அந்தப் புத்தகம் அமெரிக்காவில் அச்சானது. அப்பா வேலை பார்த்த கப்பல் ஏஜென்ட் ஆபீஸில், சரக்கு இறக்க வந்த கப்பலின் அதிகாரி ஒருவர் விட்டுப் போயிருந்தார். செங்கல் கனம் இருக்கும். கணக்கும் ஆங்கிலமும் கொஞ்சம், மற்றதெல்லாம் தர்க்கக் கேள்விகள். வடக்கே ஒரு பெரிய நகரத்தில் இருந்த மேலாண்மைக் கல்லூரியில் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதில் இதே மாதிரிக் கேள்விகள்தான் வரும் என்று எங்கள் கணித டீச்சர் சொல்லியிருந்தார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த புதிது. நான் பி.எஸ்சி. கணிதம் கடைசி வருஷம். அந்தக் கல்லூரிக்குள் காலை வைத்துவிட்டால் அதன் பிறகு என் வாழ்க்கையை நானே பார்த்துக்கொள்வேன் என்று நம்பினேன். அந்த வயதில் வேறு எதையும் நான் அவ்வளவு விரும்பியதில்லை.

அப்பாவும் முதலில் மறுக்கவில்லை. நாசரேத், சாத்தான்குளம் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்து வந்த எங்களைப் போன்ற குடும்பங்களில் பெண்பிள்ளைகளைப் படிக்கவைப்பது ஒரு பெருமை. அந்தப் பெருமைக்கு ஒரு எல்லையும் உண்டு. எல்லை எங்கே இருக்கிறது என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், போய் முட்டிக்கொண்ட பிறகுதான் தெரியும். விண்ணப்பம் போட அப்பாவே பணம் கொடுத்தார். "ஆனா நீ ஒத்தையில எழுத வேண்டாம். அவனும் எழுதட்டும். ரெண்டு பேரும் சேந்து படிங்க" என்றார்.

அவன் என்பது மாமா மகன். அம்மாவின் தம்பிதான் மாமா. அந்த மாமாவுக்குத்தான் அப்பாவின் தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. அதனால் எனக்கு மாமா மகனும் அவன்தான், அத்தை மகனும் அவன்தான். மாமாவுக்குச் சாத்தான்குளத்தில் ஜவுளிக்கடை. மகன் தூத்துக்குடியில் ஹாஸ்டலில் தங்கி பி.காம். படித்தான். ஹாஸ்டல் சாப்பாடு தொண்டையில் இறங்காமல் சாயங்காலமானால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். அப்போது நான் அத்தான் என்றுதான் கூப்பிட்டேன், வாங்க போங்க என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போது அவன் என்றே வருகிறது. வரட்டும்.

சேர்ந்து படிப்பது என்று பேர்தான். நான் சொல்லிக்கொடுத்தேன், அவன் கேட்டுக்கொண்டிருந்தான். புத்தகத்தில் இருந்த பனிச்சறுக்கும் பேஸ்பாலும் அவனுக்குப் பிடிபடவில்லை. அதனால் நானே நம் ஊர்ச் சாமான்களை வைத்துக் கேள்வி உண்டாக்குவேன். எல்லா வள்ளங்களும் மீன்கள், எல்லா மீன்களும் உப்பு, ஆகவே எல்லா வள்ளங்களும் உப்பு. இந்த முடிவு சரியா, தப்பா?

"வள்ளம் எப்படி மீனாகும்? அது மரம்லா?" என்றான்.

"அதக் கேக்கப்படாது அத்தான். கேள்வியில குடுத்தத உண்மைன்னு வச்சிக்கிடணும். அதுல இருந்து என்ன வருதுன்னு மட்டும் பாருங்க."

"குடுத்ததே பொய்யா இருந்தா?"

"பொய்யா இருந்தாலும் அப்படித்தான். கேள்வியோட சண்ட போடாதீங்க."

இதைத் தொண்டை வறளும் மட்டும் சொன்னேன். எனக்கு அதில் கர்வம் வேறு. கொடுத்ததைக் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்டு, அதிலிருந்து பிசகாமல் நடந்து முடிவுக்குப் போய்ச் சேர்வது பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். நல்ல மாணவிகளுக்கு வரும் வியாதி இது.

இன்னொரு நாள், யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் கேள்வி. அவனுக்குப் புரியட்டும் என்று எங்கள் சாப்பாட்டு மேஜையையே எடுத்துக்கொண்டேன். அப்பா மேஜையின் தலைப்பக்கம், அவருக்கு வலப்பக்கம் விருந்தாளி, விருந்தாளிக்கு எதிரே அவன் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவன் படம் போட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாற்காலி மிஞ்சுதே, நீயும் அத்தையும் எங்க?" என்றான். நாங்கள் பரிமாறிக்கொண்டிருக்கிறோம், கேள்வியில் எங்களைச் சேர்க்க வேண்டியதில்லை என்றேன். இருவரும் சிரித்தோம். எனக்கு அதில் அப்போது சிரிப்புத்தான் வந்தது.

பிறகு உறவுக் கேள்விகள் வந்தன. ஒருவன் ஒரு பெண்ணின் போட்டோவைக் காட்டி, இவள் என் தகப்பனாரின் அக்கா மகள், அதோடு என் தாயின் அண்ணன் மகளும் இவளே என்கிறான். அவள் அவனுக்கு யார்? இது நான் எங்கள் வீட்டையே வைத்து மாற்றிப் போட்டது. புத்தகத்தில் ஒருவருக்கு ஒரு உறவுதான் இருந்தது, அமெரிக்காக்காரனுக்கு இரண்டு பக்கமும் சுற்றிவந்து முடிச்சுப்போடத் தெரியாது போலிருக்கிறது. சகோதரி, மாமன் அத்தை வழி உறவு, மருமகள், இவற்றில் எதுவும் இல்லை என்று நான்கு விடைகள் கொடுத்திருந்தேன். இரண்டாவதுதான் சரி. அவன் யோசிக்கவே இல்லை, நான்காவதைக் குறித்தான். ஏன் என்று கேட்டேன்.

"கட்டிக்கிடப் போறவ. அது இதுல இல்லயே" என்றான்.

அவன் கேலி பண்ணவில்லை. கேள்வியில் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. இன்ன முறை என்றால் இன்னதுதான் நடக்கும் என்பதைக் கொடுத்த தகவலாகவே எடுத்துக்கொண்டிருந்தான். அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவும் சிரித்தார். "பரீட்சையில இப்படிப் போட்டா மார்க் போயிரும்" என்றேன். அதற்கு இன்னும் சிரித்தார்கள். என் கல்யாணம் முடிவாகியிருந்தது எனக்கு இப்படித்தான் தெரியவந்தது. ஆனாலும் தேர்வு எழுத விடுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். கோயிலில் ஆராதனை முடிந்து வந்து, ஆட்டுக்கறிக் குழம்போடு எல்லோரும் உட்கார்ந்தார்கள். நானும் அம்மாவும் வழக்கம்போல் நின்றோம். மாமா பிசைந்த சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு இடது கை விரலை மடக்க ஆரம்பித்தார்.

"இங்கேருங்க மச்சான். ரெண்டு பேரும் பாஸாயிட்டாங்கன்னு வையுங்க. கல்யாணம் ஆகாததுக ரெண்டும் வடக்க ஒரே காலேசுல கிடக்கும். ஊரு என்ன பேசும்? இவன் பாஸாகி இவ பெயிலானா, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு அந்தக் கெட்ட பேரு? இவ பாஸாகி இவன் பெயிலானா, நாளைக்கு அவன் அவ மொகத்துல எப்படி முழிப்பான்? ரெண்டும் பெயிலானா, பரீட்சைக்குன்னு மதுரைக்கு ரெண்டு பேரா அலஞ்சது வீண். எப்படிப் பாத்தாலும் இவ எழுதாம இருக்கதுதான் சரி."

அப்பா ஆபீஸில் சரக்குச் சீட்டில் ஒரு மூட்டை குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அவரே, "நீங்க சொல்லுதது சரியாத்தான் இருக்கு" என்றார். நான் அவனைப் பார்த்தேன். என்னிடம் வாரக்கணக்கில் பாடம் கேட்டவன், எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"மாமா, எனக்கு எழுதணும்" என்றேன்.

"ஏளா, பெரியவங்க பேசுதாங்கல்லா? அந்தக் கொழம்ப எடு" என்றாள் அம்மா.

எடுத்துவந்து ஊற்றினேன். ஊற்றும்போதே மாமாவின் பேச்சில் ஓட்டை எங்கே என்று தேடினேன். அந்த வீட்டில் தர்க்கக் கேள்வியில் என்னை மிஞ்ச ஆளில்லை. நாலு நிலைமையையும் ஒன்றொன்றாகப் போட்டுப் பார்த்தேன், நாலும் முடிவோடு பொருந்தின. கொடுத்ததை உண்மை என்று வைத்துக்கொண்டு பார்த்தால் ஓட்டையே இல்லை. ஓட்டை கொடுத்ததில் இருந்தது. அவனைத்தான் நான் கட்ட வேண்டும், அவன் என்னைத்தான் கட்டுவான் என்பது யார் கொடுத்தது என்று கேட்க எனக்கு வரவில்லை. கேள்வியோடு சண்டை போடக் கூடாது என்று பாடம் நடத்தியவள் நான்தானே.

அவன் மதுரைக்குப் போய் எழுதிவிட்டு வந்தான். பையை வைத்ததும் என்னிடம் வந்து, "மேஜக் கேள்வி அப்படியே வந்துச்சு. நீ சொன்ன மாதிரிதான் படம் போட்டேன்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீயும் எழுதிருக்கலாம்" என்றான். அவ்வளவு கோபம் எனக்கு மாமாமேல்கூட வந்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் இதைச் சொல்ல அவனுக்கு வாய் இருந்தது. எலும்பு இருந்ததால் சொல்ல முடியவில்லை.

பாஸானான். வடக்கே போனான். பொங்கலுக்கு வரும்போது குளிரைப் பற்றியும் சப்பாத்தியைப் பற்றியும் பேசினான். படிப்பைப் பற்றி நான் கேட்டால், "அது உனக்குப் புரியாது" என்றான். நான் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒருவர் லீவில் போன இடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். மேலே படிக்க வேண்டும் என்றபோது, அவன் படிப்பு முடிந்ததும் கல்யாணம்தானே, அதற்குள் எதற்கு என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அவன் படிப்பு முடிந்து பம்பாயில் வேலை கிடைத்த பிறகு ஒருநாள் மாமா தனியாக வந்தார். கையில் ஒரு மக்ரூன் டப்பா. தூத்துக்குடி மக்ரூனைத் தூத்துக்குடியிலேயே வாங்கி எங்களுக்கே கொண்டுவந்திருந்தார். காபி குடித்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். மெட்ராஸில் ஒரு பெண், எம்.ஏ. படித்தவள், தகப்பனார் பேங்கில் பெரிய அதிகாரி.

"எனக்கு மட்டும் ஆசையில்லையா மச்சான்? ஆனா பையன் படிப்புக்குத் தக்கன பொண்ணு வேணும்லா. நம்ம பிள்ள பி.எஸ்சி.யோட நின்னுட்டா. அவன் கூட வேல பாக்குதவுகளுக்கு முன்னால நாளைக்கு அவளுக்குத்தான் சங்கடம்."

அப்பா சரக்குச் சீட்டில் பிழை பார்ப்பவர்தான். அன்றும் ஒரு பிழையும் பிடிக்கவில்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. அவனை நான் ஆசைப்பட்டதே இல்லை. எனக்குப் போனது அவன் இல்லை.

மாமா எழுந்திருக்கும்போது, "ஏம்மா, அந்தத் தடிப் புக்கு இன்னும் இருக்கா? எங்க சின்னவனும் அந்தப் பரீட்ச எழுதணும்ங்கான். லீவுல அனுப்பி வைக்கேன், நீயே சொல்லிக் குடுத்துரு" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"மாமா, அன்னைக்குச் சாப்பிடும்போது நாலு கணக்குப் போட்டுக் காட்டுனீங்கல்லா, நான் பரீட்ச எழுதக் கூடாதுன்னு? இது அதுல எத்தனாவது?" என்று கேட்டேன்.

அவர் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு செருப்பை மாட்டியபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த நாலு கணக்கும்மா?"

மழுப்பவில்லை. அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை.