வசுமதி கூட்டி வாங்கிய இரண்டு வெள்ளி

மலைச் சந்தையான கியா பார்மில் சாலையோரம் ஸ்ட்ராபெரியும் காய்கறியும் தேயிலைப் பொட்டலமும் விற்கிற வசுமதி, தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள். பதினோரு வருஷம் கொழுந்து பறித்துவிட்டுத்தான் இந்தக் கடையைப் போட்டாள். கையில் ரொக்கமில்லாத சுற்றுலாக்காரர்கள் பழத்தை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துப் போவதைக் கண்டு, கார்டு மெஷின் ஒன்றும் வாங்கி வைத்தாள்.

முதல் மாதமே வயிறெரிந்தது. மெஷின் வாடகை, ஒவ்வொரு விற்பனையிலும் வங்கி பிடித்துக்கொண்ட பங்கு என்று எண்பது வெள்ளிக்கு மேல் பணம் போயிருந்தது. அதற்குப் பிறகு கார்டு நீட்டுகிற எல்லாரிடமும் இரண்டு வெள்ளி கூட்டி அழுத்தினாள். கேட்டால், "பேங்க் எடுக்குதுலா" என்பாள். ஒரு விற்பனைக்கு வங்கி எடுத்ததோ சில காசுகள்தான். கட்டணம் போக மாதம் நூற்றைம்பது மிஞ்சியது. அதைப் பற்றி யாரிடமும் அவள் மூச்சு விட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈப்போக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "இருவது வெள்ளி சாமானுக்கு பேங்க் ரெண்டு வெள்ளியா எடுக்கும்? நானும் கடை வெச்சிருக்கேன்மா. யார ஏமாத்துற?"

வசுமதி வாய் திறப்பதற்குள், முட்டைக்கோஸ் பொறுக்கிக்கொண்டிருந்த சாரதா முன்னால் வந்துவிட்டாள். இன்னும் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரியாக இருந்தவள். சம்பளம் வங்கியில் விழுவதால் அவளும் கார்டில்தான் வாங்குவாள்.

"எங்க லயத்துப் புள்ள இது, பொய் சொல்லாது. பாவம், பேங்க்காரன்தான் இவகிட்டேருந்து புடுங்குறான். பிடிக்கலன்னா வேற கடைக்குப் போங்க!"

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். சாரதா சிரித்தபடி கார்டை நீட்டினாள். அன்று மட்டும் வசுமதி சரியான விலையை அழுத்தினாள். காது மடல் சுட்டது.

மறுநாள் கடையைச் சீக்கிரம் மூடி, லயத்துக்குப் போய் ஐம்பது வெள்ளியை நீட்டினாள். "அக்கா, அந்த ஆள் சொன்னதுதான் நெசம். உங்ககிட்டயும் ரெண்டு ரெண்டு வெள்ளி கூட வாங்கிருக்கேன்."

சாரதா நோட்டைப் பார்க்கவில்லை. "அத்தன பேர் முன்னால அந்த மனுசன விரட்டினேனே வசு. நீ சும்மா நின்னியே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். சாரதா பணத்தை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். உட்காரச் சொல்லவில்லை.

இப்போது வசுமதி எல்லாப் பொருளுக்கும் இருபது காசு ஏற்றிப் பலகையில் எழுதி வைத்திருக்கிறாள். கார்டுக்கும் ரொக்கத்துக்கும் ஒரே விலை. வியாபாரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இரண்டு மாதம் கழித்து சாரதா வந்தாள். ரொக்கமாகக் கொடுத்தாள். "இந்த மழ விடாது போலருக்கு" என்றாள்.

"ஆமாக்கா" என்று வசுமதி தக்காளியைப் பையில் போட்டுக் கொடுத்தாள். அந்த முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவளால் முடியவில்லை.