மூன்று பித்தப்பைகள்

சுந்தர்சிங் இருபத்திரண்டு வருடமாகத் தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் இடையே மின்சார ரயில் ஓட்டியவர். அந்த ஆவணியில் அவருக்கு ஒரே ஒரு பயம்தான். அடுத்த மாதம் ரயில்வேயின் மெடிக்கல் பரிசோதனை. சர்க்கரை முந்நூறுக்குக் கீழே இறங்கவே இல்லை. இப்படியே போய் நின்றால் வண்டியிலிருந்து இறக்கி ஏதாவது மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று நினைத்தார்.

"மாத்திரைய மட்டும் நம்பாத சிங்கு," என்றார் தனபால். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "கட்லா மீனோட பித்தப்பை. பச்சையா, வெறும் வயித்துல முழுங்கிடு. ஒரே வாரத்துல சுகர் இறங்கிடும். எங்க பாட்டன் காலத்து மருந்து."

சனிக்கிழமை காலை சுந்தர்சிங் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனார். மீன் வெட்டுகிறவர் கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பித்தமா? அது ஒடைஞ்சா கறியே கசந்துபூடும்னு தூக்கிப் போடறது சார். அத்த இன்னா பண்ணப் போற?"

"மருந்துக்கு."

காலையில் வெட்டிய பெரிய மீன்களிலிருந்து மூன்று கிடைத்தன. கரும்பச்சையாக, கட்டைவிரல் பருமனில் இருந்தன. மனைவி ஈவ்லின் அன்று பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தாள். சமையலறையில் நின்றபடி இரண்டை மோரோடு விழுங்கினார். மூன்றாவதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, ஹாஜா மைதீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். இருவரும் தினமும் செம்பாக்கம் ஏரிப் பக்கம் சேர்ந்து நடப்பவர்கள். ஹாஜாவுக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் பெயின்ட் கடை. அவருக்கும் பத்து வருட சர்க்கரை.

"நீ சொன்னா சரிதான் சுந்தரு," என்று ஹாஜா அதை ஃப்ரிட்ஜில் வைத்தார்.

மதியமே சுந்தர்சிங்குக்கு வாந்தி தொடங்கியது. சாயங்காலத்துக்குள் பத்து தடவை பேதி. ஈவ்லின் பதறியபோது, "நேத்து கேன்டீன்ல சாப்பிட்டது ஒத்துக்கல," என்றார். அவள் நகர்ந்ததும் தனபாலுக்குப் போன் செய்தார்.

"நல்லதுதான்யா. உள்ள இருக்கற விஷம் வெளிய வருது," என்றார் தனபால்.

ஞாயிற்றுக்கிழமை வாந்தி நின்றது. மருந்து வேலை செய்கிறது என்று அவரும் நம்பினார். ஆனால் அன்று முழுக்க ஒரே ஒரு முறைதான், அதுவும் சொட்டுச் சொட்டாக, சிறுநீர் போனது. திங்கட்கிழமை காலை முகம் வீங்கியிருந்தது. பல் தேய்க்க வந்தவரின் கண்களைப் பார்த்து ஈவ்லின் பிரஷ்ஷைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். மஞ்சளாக இருந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்நேகா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "கிட்னியும் லிவரும் சேர்ந்து அடி வாங்கியிருக்கு. நாட்டு மருந்து, லேகியம் ஏதாவது சாப்பிட்டீங்களா சார்?"

சுந்தர்சிங்குக்கு மெடிக்கல் ஞாபகம் வந்தது. கேஸ் ஷீட்டில் ஏறினால் ஆபீசுக்குத் தெரிந்துவிடும்.

"எதுவும் இல்ல டாக்டர்."

எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று அதற்கான சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். டயாலிசிஸ் தொடங்கியது. செவ்வாய் காலை எலிக்காய்ச்சல் இல்லை என்று முடிவு வந்தது. பின்னே என்ன என்று யாருக்கும் தெரியவில்லை.

பத்து மணிக்கு ஈவ்லினுக்குப் போன். ஹாஜாவின் மனைவி நஃபீசா.

"அக்கா, அண்ணன் எப்படி இருக்காங்க? இவருக்கும் வாந்தி நிக்கவே மாட்டேங்குது. அண்ணன் குடுத்தாங்களே, அந்த மீன் பித்தம், அத நேத்து காலையிலதான் முழுங்கினாரு. ஒருவேளை அதுவா இருக்குமா?"

ஈவ்லின் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கட்டிலைப் பார்த்தாள். "என்ன குடுத்தீங்க ஹாஜா அண்ணனுக்கு?"

அப்போதுதான் சுந்தர்சிங் வாயைத் திறந்தார்.

டாக்டர் ஸ்நேகா திட்டவில்லை. "உடனே அவர இங்க கூட்டிட்டு வரச் சொல்லுங்க," என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மீன் பித்தத்துல இருக்கற விஷம் வேக வெச்சாலும் போகாது. இதுக்கு முறிவு மருந்தும் கிடையாது. கிட்னி தானாத் திரும்பணும். நேத்தே சொல்லியிருந்தா, அவர் முழுங்கினதுமே கூப்பிட்டிருக்கலாம் சார்."

சுந்தர்சிங்குக்கு ஏழு டயாலிசிஸ் ஆனது. மூன்றாவது வாரம் சிறுநீர் திரும்பியது. ஹாஜாவுக்குத் திரும்பவில்லை. சர்க்கரையில் ஏற்கெனவே தேய்ந்திருந்த சிறுநீரகங்கள் அவை. ஒரு பித்தப்பையே போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சுந்தர்சிங் தனபாலைப் போனில் கூப்பிட்டார்.

"நீ ரெண்டு முழுங்கிட்ட. அளவு மீறிட்ட சிங்கு."

"ஹாஜா ஒண்ணுதான் முழுங்கினான். இன்னும் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கீங்க?"

தனபால் போனை வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

மெடிக்கலில் சுந்தர்சிங் எல்லாவற்றையும் தானே சொன்னார். இப்போது அவருக்கு அலுவலகத்தில் வேலை. அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டுக்கொள்வதில்லை. வாரம் மூன்று நாள் ஹாஜாவுக்கு டயாலிசிஸ்; அந்த மூன்று நாளும் ஆட்டோ பிடித்து அவரை அழைத்துப் போவது சுந்தர்சிங்தான். நஃபீசாவும் அதே ஆட்டோவில் வருவாள். சுந்தர்சிங்கிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

"பேசுவா சுந்தரு. கொஞ்ச நாள் போகட்டும்," என்பார் ஹாஜா. நஃபீசா வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள்.